தேயிலைத் தோட்டத்துப் பற்கள்

வாய் நலம் – 9

ஈறு நோயைப் பற்றிய பாடப்புத்தகம் எதைப் புரட்டினாலும் அதில் நம் ஆட்கள் 480 பேர் இருப்பார்கள். பெயர் இருக்காது. 'இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்' என்று மட்டும் போட்டிருக்கும். மலைநாட்டில் டன்சினன், ஹெரோ என்று இரண்டு தோட்டங்கள். அங்கே வேலை பார்த்த தமிழ் ஆண்கள் அவர்கள். பதினான்கு வயதுப் பையனும் உண்டு, முப்பதைத் தொட்டவரும் உண்டு.

1970-ல் நார்வேக்காரரான ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழு அவர்களைத் தேடிப் போனது. ஒவ்வொருவரின் வாயிலும், பல்லை ஈறு எந்த இடத்தில் பிடித்திருக்கிறது, பிடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதிக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்லோ நகரத்தில் படித்த இளைஞர்கள் 565 பேரிடம் இதே அளவை எடுத்திருந்தார்கள். ஆஸ்லோக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவரின் கண்காணிப்பில் வளர்ந்தவர்கள். தோட்டத்துக்காரர்களுக்கு டூத் பிரஷ் பழக்கமில்லை. பல் வைத்தியம் அவர்கள் குடியிருந்த லயன் வீடு வரை வந்து சேரவும் இல்லை. கவனிப்பு உள்ள வாய் எப்படிப் போகும், இல்லாத வாய் எப்படிப் போகும் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் திட்டம். 1990 வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பத் தேடிப் போய் அளந்தார்கள்.

முதல் ஆச்சரியம், தோட்டத்துக்காரர்கள் வாயில் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. நம்மில் பலரும் 'எனக்குச் சொத்தையே கிடையாது, பல் வலியே வந்ததில்லை' என்று நிம்மதியாக இருக்கிறோமே, அந்த நிலையில்தான் அவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பற்கள் போயின. வெள்ளையாக, ஓட்டை உடைசல் இல்லாமல் இருந்த முழுப் பல், பிடிப்பு விட்டு ஆடி, விழுந்தது.

நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்குப் பல்லின் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. தோட்டத்துக்காரருக்கு நாலரை மில்லிமீட்டர். இதைவிட முக்கியமான ஒரு கணக்கு அந்தக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. தோட்டத்துக்காரர் பல்லில் கன்னத்தை ஒட்டிய பக்கம் ஆண்டுக்கு 0.20 மில்லிமீட்டர் பிடிப்பு போனது. பல்லும் பல்லும் சேரும் இடுக்கில் 0.30 மில்லிமீட்டர். ஆஸ்லோக்காரருக்கோ கன்னப் பக்கம் 0.10, இடுக்கில் 0.08. கவனிப்பில்லாத வாயில் அழிவு வேகமாக நடக்கும் இடம் இடுக்கு. கவனித்தால் அதிகம் காப்பாற்றக்கூடிய இடமும் அதுவே. இந்த வாரம் நான் சொல்ல வந்தது முழுக்க இந்த நான்கு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

ஏன் இடுக்கு? கண்ணாடி முன்னால் நின்று கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பாருங்கள். மேலே ஒரு புள்ளியில் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிக்குக் கீழே, ஈறு வரைக்கும், முக்கோணமாக ஒரு சின்ன அறை. பிரஷின் நார் கன்னப் பக்கம் தேய்க்கும், நாக்குப் பக்கம் தேய்க்கும், மெல்லும் பரப்பைத் தேய்க்கும். அந்த அறைக்குள் அது போவதில்லை. எவ்வளவு நேரம் விளக்கினாலும், எவ்வளவு விலை உயர்ந்த பேஸ்ட் போட்டாலும் போவதில்லை. கொப்பளிப்பதால், ஒட்டியிருக்கும் கிருமிப் படலம் பெயர்ந்து வராது. அந்த அறையின் தரையாக இருக்கும் ஈறுத் தோலும் மற்ற இடத்து ஈறைப்போல் தடித்ததல்ல. மெல்லியது, சீக்கிரம் புண்படக்கூடியது.

அங்கே தங்கும் படலம் சில நாளிலேயே எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வாங்கிக்கொண்டு காரையாக இறுகத் தொடங்கும். ஈறு சிவக்கும், வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இந்தக் கட்டம் வரைக்கும் எல்லாமே திரும்பிச் சரியாகக்கூடியது. ஹரால்ட் லோவே அதைக் காட்டியிருக்கிறார். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆவதற்குள் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. 1965-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பிறகு, ஈறு வீக்கம் வயசுக் கோளாறு என்றோ பரம்பரை என்றோ சொல்லி ஒதுங்க இடமில்லாமல் போனது.

வீக்கம் கீழே இறங்கி எலும்பைத் தொட்டுவிட்டால் கதை வேறு. கம்பத்தைச் சுற்றி மண் கரைவதுபோல வேரைச் சுற்றி எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. இது பெரும்பாலும் வலிக்காமல் நடக்கும் என்பதுதான் கொடுமை.

தோட்டத்தில் 15 ஆண்டு பார்த்த பிறகு, 1986-ல் வெளியிட்ட கணக்குப்படி நூற்றில் எட்டுப் பேருக்கு நோய் காட்டுத்தீயாகப் பரவியது. அவர்கள் 45 வயதுக்குள் பற்களையெல்லாம் இழந்தார்கள். எண்பத்தொரு பேருக்கு மெதுவாக அரித்துக்கொண்டே போனது. பதினொரு பேருக்கு மட்டும் ஈறு வீக்கத்தைத் தாண்டவில்லை. 'எங்கப்பா எதுவும் செய்யலை, எண்பது வயசிலும் முறுக்கு கடிச்சார்' என்று சொல்கிறவர்கள் இந்தப் பதினொருவரில் ஒருவரின் பிள்ளைகளாக இருக்கலாம். நீங்கள் எந்தக் கணக்கில் வருவீர்கள் என்று இளவயதில் முன்கூட்டிச் சொல்ல எளிய சோதனை எதுவும் இல்லை. 2010-ல் இன்னொரு குழு தேடிப் போனபோது, அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள், சராசரியாக ஆளுக்குப் பதின்மூன்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 1948-ன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964-ன் ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட காலம் அது. அந்த நேரத்தில், நோய் தன் போக்கில் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்கு ஏற்றவர்களாக அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கவனிப்பு கிடைக்காதவர்கள் என்பதே அவர்களுடைய தகுதி. ஒரு பிரஷும் ஆளுக்கு ஒரு சுத்தமும் கொடுத்திருந்தால் எத்தனை பற்கள் தங்கியிருக்கும் என்ற கேள்வி எனக்கு ஆறவில்லை. அவர்கள் வாயிலிருந்து கிடைத்த அறிவைக்கூட நாம் பயன்படுத்தாமல் விட்டால் அது இன்னும் பெரிய அநியாயம்.

இடுக்கைச் சுத்தம் செய்ய நூல்தான் பழைய வழி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இருந்த லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர் 1819-ல் எழுதிய புத்தகத்திலேயே மெழுகு பூசிய பட்டு நூலை இடுக்கில் விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்று கடையில் 'டென்டல் ஃப்ளாஸ்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் நைலான்.

'ஃப்ளாஸால் பலன் இல்லை என்று அமெரிக்காவிலேயே சொல்லிவிட்டார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ல் ஒரு செய்தி நிறுவனம், ஃப்ளாஸுக்கான ஆதாரம் பலவீனமானது என்று எழுதியது. அந்நாட்டு அரசின் உணவு வழிகாட்டிப் புத்தகத்தின் அப்போதைய புதிய பதிப்பிலும் ஃப்ளாஸ் பற்றிய வரி இருக்கவில்லை. செய்தி பொய்யல்ல. ஆய்வுகள் சின்னவை, சில வாரமோ சில மாதமோ நடந்தவை; எலும்பு கரைய ஆண்டுக்கணக்காகும். அதைவிட முக்கியம், எல்லா ஆய்விலும் நூலைப் பிடித்த கை ஒரே மாதிரி இல்லை. 2006-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. பள்ளிக்கூட நாள்தோறும் பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகளுக்கு ஃப்ளாஸ் செய்துவிட்ட இடத்தில், இடுக்கில் சொத்தை விழுவது நூற்றுக்கு நாற்பது அளவுக்குக் குறைந்தது. வளரும் பிள்ளைகள் தாங்களே செய்துகொண்ட இடத்தில் பலன் தெரியவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நூலைக் குறை சொல்வதற்கு முன் கையைத் திருத்த வேண்டும் என்பது.

கை இப்படி. ஒன்றரை அடி நூலை வெட்டி, இரண்டு நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மட்டும் விட்டு, அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். பற்கள் தொடும் புள்ளியில் நூலை வைத்து அழுத்தக் கூடாது. மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் தானே இறங்கும். அழுத்தினால் 'டக்'கென்று இறங்கி ஈறை வெட்டிவிடும். பலர் முதல் நாளே பயந்து நிறுத்திவிடுவது இதனால்தான். உள்ளே இறங்கியதும் நூலை ஒரு பல்லின் மேல் வளைத்து அணைத்து, ஈறுக்குக் கீழே லேசாக நுழையும் வரை கொண்டுபோய், மேலும் கீழும் சில முறை வழியுங்கள். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லை. உள்ளே விட்டு வெளியே இழுத்தால் சிக்கிய கறி நாரும் முருங்கைக்காய் நாரும் வரும். படலம் பல்லிலேயே இருக்கும். படலம்தான் நமக்கு எதிரி. அடுத்த இடுக்குக்கு நூலின் புதிய பகுதி.

ஒரு நாளைக்கு ஒரு முறை போதும், ராத்திரி படுக்கும் முன் என்றால் நல்லது. தொடக்கத்தில் ரத்தம் வரும். ரத்தத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஏற்கனவே வீங்கிய ஈறின் ரத்தம், ஒரு வாரத்தில் குறையும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கலாம். காரை நூலுக்கு மசியாது. பல் மருத்துவரிடம் போய்த்தான் எடுக்க வேண்டும். ஊக்கு, தீக்குச்சி, வளையல் முனை இவற்றால் குத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நாற்பது தாண்டி, இடைவெளி விழுந்த பற்களுக்கு நூலைவிட இடுக்குப் பிரஷ் நல்லது. புட்டி கழுவும் பிரஷின் குட்டி வடிவம் அது. அளவுகள் உண்டு, உங்கள் இடுக்குக்கு எது சரி என்று மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் கட்டியவர்கள் சாதாரண நூலை மேலிருந்து இறக்க முடியாது. நுனி விறைப்பான, அடியில் கோத்து எடுக்கும் நூல் தனியாக விற்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இடுக்குச் சுத்தம் விருப்பப்பட்டால் செய்யும் வேலை அல்ல. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு மூன்று நான்கு மாதத்தில் சராசரியாக 0.4 புள்ளி போலக் குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த விஷயம். கால், கண், சிறுநீரகம் என்று வருடா வருடம் பரிசோதிக்கும்போது ஈறையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பல் மருத்துவரிடம் போனால் கடைசியாகப் பார்த்த சர்க்கரை ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

(அடுத்த வாரம்: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா?)