சின்னக் கேள்விகளின் மனிதர்
எதிரே ஒரு நாற்காலி – 9

விருந்தினரை நெருக்கிப் பிடித்துப் பேசவைத்த மைக் வாலஸைச் சென்ற வாரம் பார்த்தோம். பிரையன் லாம் அவருக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர்.

லாம் இண்டியானா மாநிலத்துக்காரர், முன்னாள் கடற்படை அதிகாரி. 1979-ல் அவர் முயற்சியில் பிறந்த சி-ஸ்பான் அலைவரிசை, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விவாதங்களை வெட்டாமல் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அரசுப் பணமும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. கேபிள் நிறுவனங்கள் தரும் கட்டணத்தில்தான் நடந்தது. அதனால் பேச்சைப் பாதியில் நறுக்கிப் பரபரப்பு ஏற்ற வேண்டிய கட்டாயம் லாமுக்கு இல்லை.

வியட்நாம் போர் பற்றிப் பத்திரிகையாளர் நீல் ஷீஹன் 16 ஆண்டுகள் உழைத்து எழுதிய நூல் 1988-ல் வந்தது. லாம் அவரோடு இரண்டரை மணி நேரம் பேசி, அதைப் பகுதி பகுதியாக ஒளிபரப்பினார். அந்த அனுபவம் 1989 ஏப்ரலில் ‘புக்நோட்ஸ்’ நிகழ்ச்சியாக வளர்ந்தது. ஒரு புத்தகம், ஒரு ஆசிரியர், ஒரு மணி நேரம். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை இடமில்லை. பின்னால் கறுப்புத் திரை மட்டும். 2004 டிசம்பர் வரை ஞாயிறுதோறும் 801 நிகழ்ச்சிகள். வந்த புத்தகங்களை லாமே படித்துவிட்டு உட்கார்ந்தார்.

படித்ததை அவர் காட்டிக்கொள்ளவே மாட்டார். நூலை யாருக்குச் சமர்ப்பித்தீர்கள், அவர் யார், எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள் என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். 1994-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றாசிரியர் ஷெல்பி ஃபூட் வந்தார். மையில் தொட்டு எழுதும் பேனாவால்தான் எழுதுவேன் என்று விளக்கினார். அந்தப் போரைப் பற்றிய மூன்று தொகுதிகளுக்கு அவருக்கு ஏன் 20 ஆண்டுகள் பிடித்தன என்பது, கேட்பவருக்கு அந்தப் பதிலிலேயே புரிந்துபோகும்.

கேள்வி கேட்பவர் தன் மேதைமையைக் காட்டினால், வீட்டில் இருந்து பார்ப்பவர் அந்நியராகிவிடுவார். புத்தகத்தைப் படிக்காதவருக்காகக் கேட்க, முழுவதும் படித்த ஒருவர் வேண்டியிருந்தது. கோர்பச்சேவுக்குக் கிடைத்த அதே ஒரு மணி நேரம், பெயர் தெரியாத பேராசிரியருக்கும் கிடைத்தது. லாம் எந்தக் கட்சிப் பக்கம் என்று திரையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. விருந்தினர் சொல்வது தவறென்றால், மறுப்பில்லாமல் அது கடந்துபோகக்கூடும். அதற்கு வாலஸ் போன்றவர்கள் தேவை. ஆனால் ஒரு வாதத்தை மறுப்பதற்கு முன் அதை முழுமையாகக் கேட்டாக வேண்டும். அந்த முதல் கடமையை 15 ஆண்டுகள் சலிக்காமல் செய்தவர் லாம். அடிமைமுறை, போர், வெள்ளை மாளிகை என்று அமெரிக்கா தன்னைப் பற்றிப் பேசிய அந்த உரையாடல்கள் இன்றும் சி-ஸ்பான் இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஷெல்பி ஃபூட்டிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த வாரம்: பில் மோயர்ஸ்.

(தொடரும்)