மனுவும் மாட்டு வண்டியும்

பெருங்கடவிளை, பாறசாலை பகுதிப் பிள்ளைகள் காலையில் நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்கு ஓடுவது இன்று செய்தியே அல்ல. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைத் தாலுகாவில், நூறாண்டுகளுக்கு முன் ஒரு புலையர் வீட்டுக் குழந்தை பள்ளிக்குள் கால் வைத்தால் கலவரம் மூளும். மூண்டும் இருக்கிறது.

அன்றைய நெய்யாற்றின்கரை தாலுகாவின் மேற்குக் கோடியில், வெங்ஙானூரில் 1863-ல் பிறந்தவர் அய்யன்காளி. எழுதப் படிக்கத் தெரியாது. பொதுச் சாலையில் நடக்கவே உரிமையற்ற சாதியில் பிறந்தவர், 1893-ல் மாட்டு வண்டி வாங்கி அதே சாலையில் ஓட்டிப் போனார். விளைவு, அடிதடி. 1911-ல் திவான் பி.ராஜகோபாலாச்சாரி அவரை ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராக நியமித்தார்.

1904-ல் தொடங்கிய அந்தச் சபையை இன்றைய சட்டசபையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை கூடும். சட்டமியற்றும் அதிகாரம் கிடையாது. உறுப்பினர்கள் குறைகளைச் சொல்வார்கள், திவான் பதில் சொல்வார். வாக்குரிமையோ நிலவரி கட்டுவோருக்கும் வருமானம் உள்ளவர்களுக்கும்தான். நிலமே இல்லாதவர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பது? ஆகவேதான் நியமனம்.

1912-ல் சபைக்கு வந்த அய்யன்காளி முதலில் கேட்டது நிலம். தம் மக்கள் குடியிருக்கவும் பயிரிடவும் புதுவல், அதாவது யாருக்கும் பதிவாகாத அரசு நிலம். பிறகு பள்ளி அனுமதி, கட்டணச் சலுகை, அரசு வேலை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இதே கோரிக்கைகள் திரும்பத் திரும்ப எழுந்தன. காரணம் எளிது. தலைநகரில் பிறக்கும் உத்தரவு தாலுகாவுக்கு வந்து சேர்வதற்குள் செத்துவிடும்.

ஊரூட்டம்பலம் இதற்குச் சாட்சி. அரசின் அனுமதி இருந்தும், பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி அங்குள்ள பள்ளியில் சேர்க்கப் போனபோது மேல்சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளி பாதுகாத்து வருகிறது.

மனுவை மட்டும் நம்பும் மனிதரல்ல அவர். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை என்றால் வயலில் களைதான் முளைக்கும் என்றார். கூலியாட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். பட்டினி கிடந்தார்கள். கடைசியில் மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை மத்தியஸ்தம் செய்ய, இறங்கி வந்தவர்கள் நிலச்சுவான்தார்கள். உறுப்பினர் பதவியும் வேலைநிறுத்தமும் ஒரே ஆளிடம் இருந்ததுதான் அவரது பலம்.

1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம் அய்யன்காளி சொன்ன ஆசை, சாவதற்குள் தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பது. 1941 ஜூன் 18-ல் காலமானார்.

பிரஜா சபை கூடிய திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019-ல் கேரள அரசு அவர் பெயரைச் சூட்டியது.