ஸாரி என்னும் சொல்



நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் நண்பன் ஒருவனுடைய தந்தையார் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்ற நான், நண்பனின் கையைப் பற்றி, "ஐ ஆம் ஸாரி" என்றேன். அதற்கு மேல் நா எழவில்லை. அருகில் அமர்ந்திருந்த அவனுடைய தாயார் ஆங்கிலம் கல்லாதவர். ஆயினும் ஸாரி என்ற சொல் அவர் காதுக்குப் பழகியதே. அவர் தலை நிமிர்ந்து, "நீ என்ன தப்புச் செய்தாய், தம்பி? எதற்கு மன்னிப்பு?" என்றார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாமற்போன விடையை இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

அந்த அம்மையார் கேட்டதில் தவறில்லை. பேருந்தில் பிறர் காலை மிதித்தாலும் ஸாரி, வகுப்புக்குப் பிந்தி வந்தாலும் ஸாரி என்று, மன்னிப்புக் கேட்கும் சொல்லாகவே நம்மிடையே அது வழங்குகிறது. ஆங்கிலத்திலோ அது ஒரு பெயரடை. மன வருத்தத்தைக் குறிப்பது. மன்னிப்புப் பொருள் அதன் கிளையேயன்றி வேர் அன்று.

வேர் எது? பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் வலி, புண். அதுவே இன்று 'ஸோர்' என வழங்குகிறது. அதிலிருந்து பிறந்தது 'ஸாரிக்'. வலியுடைய, துயருற்ற என்பது பொருள். அதுவே நம் ஸாரி. துயரத்தைக் குறிக்கும் 'ஸாரோ' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர் என்று பலரும் கருதுவர். அது சரியன்று. ஸாரோவின் மூலம் 'ஸோர்க்' என்னும் வேறொரு சொல். ஒலியும் பொருளும் நெருங்கியிருந்தமையால் இரண்டும் உடன்பிறந்தவைபோல் தோன்றுகின்றன.

உடல் வலியின் பெயர் மனவலிக்கு ஆகிவருவது நமக்குப் புதிதன்று. நோய் என்பதைச் சங்கப் புலவர் காதல் துயருக்கும் வழங்கினர். நாமும் மனம் நொந்தது என்கிறோம்.

இனி வழக்கைக் காண்போம். 'ஐ ஆம் ஸாரி ஃபார் ஹிம்' என்றால் அவனுக்காக இரங்குகிறேன் என்பது பொருள்; அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பதன்று. 'ஃபார்' என்பதன் பின் ஆளின் பெயர் வராமல் நாம் செய்த செயல் வந்தால், அச்செயலுக்காக வருந்துகிறேன் என்றாகும். 'ஸாரி டு ஹியர்' என்பது துயரச் செய்தி கேட்டபோது சொல்வது. செவியில் விழாததை மறுபடி சொல்லுமாறு வேண்டுகையில், ஸாரி என்பதையே வினாவாக ஒலிப்பதும் உண்டு.

இச்சொல் பெயருக்கு முன் நிற்கும்போது பொருள் மாறுவதைக் கவனியுங்கள். 'தி ஹவுஸ் வாஸ் இன் எ ஸாரி ஸ்டேட்' என்றால் வீடு பரிதாபமான நிலையில் இருந்தது என்பது கருத்து. வருந்துவது வீடு அன்று, காண்பவர் மனம். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில், மன்னனைக் கொன்றுவிட்டு வரும் மாக்பெத் குருதி படிந்த தன் கைகளைப் பார்த்து, அக்காட்சியை ஸாரி என்னும் அடைமொழியால் குறிக்கிறான். அவன் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் மனைவியோ அப்படிச் சொல்வதே பேதைமை என்கிறாள். ஒரே சொல்லில் அவனுக்கு வலி இருக்கிறது; அவளுக்கு இல்லை.

அப்படியானால் மன்னிப்புப் பொருள் எப்படி வந்தது? பிறருக்குத் தீங்கு செய்தவன், "அதனால் எனக்கு வலிக்கிறது" என்று முதலில் உணர வேண்டும். அவ்வலியைச் சொல்வதே மன்னிப்பை வேண்டுவதாகவும் ஆயிற்று. நாமோ வலியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். ஆகவேதான் அது நம் வாயில் அவ்வளவு எளிதாக வருகிறது.

இப்போது அந்த அம்மையாரின் கேள்விக்கு என்னிடம் விடை உண்டு. "நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை, அம்மா. உங்கள் துயரம் எனக்கும் வலிக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்." தமிழில் இதைச் சொல்லியிருந்தால் அன்றே அவருக்கு விளங்கியிருக்கும்.