30 வருஷம் கழிச்சு திரும்பி வந்த கனவு... ஹெலிகாப்டர் நாயகன் சிகோர்ஸ்கி!

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டா, இப்பவும் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்க்கிற ஆளா நீங்க? அப்போ இகோர் சிகோர்ஸ்கியைத் தெரிஞ்சுக்கணும். மேலே ஒரு பெரிய விசிறி, வால்ல ஒரு குட்டி விசிறி... ஹெலிகாப்டர்னு சொன்னதும் மனசுல வர்ற அந்த உருவத்தை ஒழுங்காப் பறக்க வெச்சவர் அவர்தான்.

1889-ல் கீவ் நகரத்தில் பிறந்தவர். டாவின்சியின் பறக்கும் இயந்திரங்கள் பற்றி அம்மா சொன்ன கதைகள் அவரை விடவே இல்லை. 1909-ல் அக்கா ஓல்கா கொடுத்த பணத்தோடு பாரிஸ் போய், 25 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றை வாங்கிவந்து ஹெலிகாப்டர் செய்தார். அது எழும்பவே இல்லை. அடுத்த வருஷம் செய்தது தன் எடையைத் தூக்கியது. ஆள் ஏறினால் தூக்கவில்லை. அன்றைய இன்ஜின்களுக்கு அவ்வளவுதான் தெம்பு.

அதை ஓரமாக வைத்துவிட்டு விமானம் பக்கம் போனார். அங்கே வில்லன் ஒரு கொசு! இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் வழியில் அது அடைத்துக்கொள்ள, பறந்துகொண்டிருந்த விமானத்தை அவசரமாகத் தரையிறக்க வேண்டியதாயிற்று. ஒரே இன்ஜினை நம்பக் கூடாதுன்னு முடிவெடுத்தவர், 1913-ல் நாலு இன்ஜின் விமானத்தையே பறக்கவிட்டார்.

ரஷ்யப் புரட்சி எல்லாத்தையும் புரட்டிப்போட, 1919-ல் நியூயார்க் வந்து இறங்கினார். விமான வேலை கிடைக்காமல், தன்னைப்போல வந்த ரஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்துப் பிழைத்தார். 1923-ல் ஒரு கோழிப்பண்ணையில் கம்பெனி ஆரம்பித்தபோது, இசைமேதை ராச்மானினாஃப் 5,000 டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். கடல் தாண்டும் பறக்கும் படகுகளால் பேர் வந்தது. பிறகு அந்த ஆர்டர்களும் வற்றி, 1938-ல் தாய் நிறுவனம் அவர் பிரிவையே மூட முடிவெடுத்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: 'என் டீமோட ஹெலிகாப்டர் செய்ய அனுமதி கொடுங்க.' ஐம்பதை நெருங்கும் வயசு!

சரி, அதில் அப்படியென்ன கஷ்டம்? ரிவால்விங் சேர்ல உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கிட்டு, இடுப்புக்கு மேலே சட்டுனு வலப்பக்கம் திரும்புங்க. சேர் இடப்பக்கம் திரும்பும். ஹெலிகாப்டருக்கும் அதே தலைவலிதான். விசிறி ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பெரிய விசிறிகளை வைத்து மற்றவர்கள் சமாளித்தார்கள். ஜெர்மனியில் 1936-லேயே அப்படி ஒன்று பறந்துவிட்டது. அதனால 'முதல் ஹெலிகாப்டர்' பட்டத்தை இவருக்குக் கொடுக்க முடியாது. ஆனா, ஒரே பெரிய விசிறி போதும், உடம்பு திரும்பாமல் தடுக்க வாலில் சின்ன விசிறி பக்கவாட்டில் காற்றைத் தள்ளட்டும்னு இவர் நம்பினார். இன்றைக்கு நாம பார்க்கிற பெரும்பாலான ஹெலிகாப்டர்கள் இந்த வழியில்தான் பறக்குது.

1939 செப்டம்பர் 14. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு. எகிறிப்போகாமல் இருக்கக் கம்பியால் கட்டிய வி.எஸ்-300 இயந்திரத்தில், ஓட்டியவர் சிகோர்ஸ்கியேதான். சில விநாடிகள் தரையை விட்டு எழும்பியது. 1940 மே மாதம் கட்டில்லாமல் பறந்தது. அப்பவும் பின்னாடி போகும், பக்கவாட்டில் போகும். முன்னாடி மட்டும் ஒழுங்காப் போகாது! மாற்றி மாற்றிப் பூட்டி, அதைச் சரிசெய்யவே 1941 ஆகிவிட்டது. இந்தப் பொறுமைதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடிச்சது. கோட்டும் தொப்பியுமாக அவர் அதை ஓட்டும் படங்களைத் தேடிப் பாருங்க, ஆபீஸுக்குக் கிளம்பினவர் மாதிரியே இருப்பார். இதிலிருந்து வந்த ஆர்-4, இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்குப் போனது.

போர் முடிந்த 1945 நவம்பர் 29-ல், அவர் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கடலில் புயல். பாறைத்திட்டில் சிக்கிய எண்ணெய்ப் படகில் இரண்டு பேர். எந்தப் படகாலும் நெருங்க முடியலை. தகவல் தொழிற்சாலைக்குப் போக, சிகோர்ஸ்கியின் அக்கா மகன் ஜிம்மி வைனர் ஹெலிகாப்டரோடு கிளம்பினார். முதல் ஆளைக் கயிற்றில் தூக்கியாச்சு. இரண்டாவது ஆளைத் தூக்கும்போது இயந்திரம் பாதியில் சிக்கிக்கொள்ள, அவர் தொங்கியபடியே கரைக்கு வந்து சேர்ந்தார்.