வெள்ளமும் அயலாரும்

பூண்டி நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதினின்று திறந்துவிடப்படும் உபரி ஜலம் கொசஸ்தலை ஆற்றின் வழியே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. கடலை எட்டுமுன் தாழ்ந்த நிலத்தில் இருப்பது சடையங்குப்பம். 2011-ல் இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. ஜலம் அவ்வெல்லையை மதிப்பதில்லை. 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அது வீடுகளுக்குள் புகுந்தது. பூர்வ குடிகளும், பர்மாவினின்று திரும்பி வந்து குடியேறிய பர்மா நகரத்தாரும், இருளரும் அக்காலத்தில் ஒரே மேட்டை நாட வேண்டியவராகின்றனர்.

2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்திற்குள் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்போது கடற்கரை மீனவர் தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குள் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களை மாடிகளினின்று இறக்கிக் காத்தனர். 2018 ஆகஸ்டில் மலையாள நாட்டு மீனவரும் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று அவ்வாறே செய்தனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழியிற் பரவியபோதோ, மீனவர் வாளிகளைக் கொண்டு தாமே அதனை அள்ள வேண்டியதாயிற்று. அவர்களோடு கழியில் இறங்கிய அயலார் எத்தனை பேர் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

ஆபத்தில் கூடுதல் நம் கிராமங்களுக்குப் புதிதன்று. ஏரிக்கரை உடையும் தறுவாயில் ஊரார் திரண்டு மண் போடுவது பழைய வழக்கம். 1858-ஆம் ஆண்டின் 1-ஆவது சட்டம் சென்னை மாகாணத்தில் இதனைக் கட்டாயமாக்கிற்று. ஆயின் அது கூலி வேலை செய்யும் வகுப்பாரை மாத்திரமே அழைத்தது. நிலத்துக்குடையவர் கரைமேல் நின்று பார்த்திருக்கலாம் போலும்! குடிமராமத்து பல ஊர்களில் க்ஷீணித்தமைக்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணமென்பது எமது அபிப்பிராயம்.

ஆகவே நிலச்சுவான்தார்கள் ஐப்பசிக்கு முன்னரே தங்கள் ஆட்களோடு தாமும் வாய்க்கால்களைச் சுற்றிப் பார்த்து, கரையில் எலி வளையும் நண்டு வளையும் உள்ள இடங்களை அடைக்க வேண்டும். விதை நெல்லையும் கால்நடைகளையும் எந்த மேட்டிற்குக் கொண்டுபோவதென்று அயல் வீட்டாரோடு கலந்து முடிவு செய்க. ஆற்றின் மேற்புறத்துக் கிராம நிர்வாக அலுவலர், வெள்ளம் ஏறுவதைக் கண்டவுடன் கீழ்ப்புறத்தாருக்குத் தொலைபேசியில் அறிவிப்பாராக. இரவு வேளையாயின் ஒருவர் நேரிலே சென்று கதவைத் தட்டுதல் நலம். படகுடையார், நீந்தத் தெரிந்தோர், தனியே வாழும் முதியோர் ஆகியோரின் ஜாபிதாவை ஒவ்வோர் ஊரிலும் புரட்டாசி முடிவதற்குள் எழுதி, பலரும் காணும் இடத்தில் ஒட்டி வைத்தல் வேண்டும்.