கீரையில் வினிகர்: புளி போல் கொதிக்க விடாதீர்கள்!

நாட்டிலேயே அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் நம் ஜொகூர். பொந்தியான் பக்கம் உள்ள பெக்கான் நானாஸ் ஊரின் பெயரிலேயே அந்தப் பழம் இருக்கிறது. ஃபாமா 1985இல் தொடங்கிய பாசார் தானி சந்தைகளில் கீரைக் கட்டு வாங்கும்போது, அன்னாசி வினிகர் பாட்டில் கண்ணில் பட்டால் ஒன்றை வாங்கிப் பாருங்கள்.

வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். "சூக்கா தீருவான்" என்றிருந்தால் அது செயற்கை வினிகர். அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. பழ வினிகர் வேறு. பழச்சாற்றின் இனிப்பு முதலில் ஈஸ்ட்டால் மதுவாகிறது. பிறகு பாக்டீரியா அதை அமிலமாக்குகிறது. இதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். விலை கூடுவதும், பழ வாசம் இருப்பதும் அதனால்தான்.

"வினிகர் ஊற்றினேன், கீரை கறுத்துவிட்டது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள்" என்று வானொலிக்கு அழைக்கும் நேயர்கள் சொல்வதுண்டு. காரணம் எளிது. புளியைப் பச்சை வாடை போகக் கொதிக்க விடுவது நம் பழக்கம். வினிகரையும் அப்படிச் செய்தால் அதன் வாசம் ஆவியோடு போய்விடும். கீரையின் பச்சை நிறத்தைத் தாங்கி நிற்பது பச்சையத்தில் உள்ள மெக்னீசியம். சூட்டில் அமிலம் பட்டால் அது விலகி, கீரை பழுப்பாகிவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இரண்டு கரண்டி எண்ணெயில் தட்டிய பூண்டு ஆறு பல், காய்ந்த மிளகாய் மூன்று, ஒரு பிடி நெத்திலி ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்குங்கள். ஒரு கட்டு காங்கோங் அல்லது தண்டுக்கீரையைப் போட்டு, மூடாமல், பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் பிரட்டுங்கள். உப்பைக் குறைத்தே போடுங்கள்; நெத்திலியிலும் உப்பு உண்டு. அடுப்பை அணைத்து, தட்டில் கொட்டிய பிறகு இரண்டு தேக்கரண்டி வினிகர் தெளித்து உடனே பரிமாறுங்கள். அலுமினியச் சட்டியில் வினிகர் வேண்டாம். அமிலம் அதை அரிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும். வினிகரில் அது சொல்லும்படி இல்லை. இரத்தச் சோகை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். அதையும் அடுப்பை அணைத்த பிறகுதான்!