பிள்ளைகளின் கண்ணும் கைபேசியும்



ஓசூர் சிப்காட்டிலும், எல்லைக்கப்பால் அத்திப்பள்ளியிலும் தாய் தகப்பன் இருவரும் ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே அநேகம். இரவு வேலை முடித்தவர் பகலில் உறங்க, ஒற்றை அறை வீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் இருக்கக் கைபேசியே துணையாகிறது. இவர்களை நாம் குற்றப்படுத்துவதற்கில்லை. ஆனாலும் கண்ணுக்கு நேரிடுவதை அறிந்திருப்பது நலம்.

திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது குறைகிறது. ஆகவே கண் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. இது ஓய்வினால் தணியும். கிட்டப்பார்வையோ அப்படியல்ல. வளரும் பிள்ளை எந்நேரமும் அருகிலேயே பார்த்து, பகல் வெளிச்சம் காணாதிருந்தால் விழி அளவுக்கு மிஞ்சி நீளக்கூடும். நீண்ட விழி திரும்பச் சுருங்காது. தூரத்துப் பொருள் மங்கும். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லவும் அறியாத பிள்ளை, படிப்பில் மந்தம் என்று பெயரெடுக்கிறது.

தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 2 மணி நேரம் வெளியில் இருக்கச் செய்தார்கள். பல ஆண்டுகளாக ஏறிவந்த பார்வைக் குறைவு சில ஆண்டுகளில் இறங்கத் தொடங்கியது. 2 வயதுக்குட்பட்டோருக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை 1 மணி நேரத்திற்கு மேல் ஆகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இவ்வளவே: பகலில் வெளியே விளையாட விடுங்கள், 20 நிமிடத்திற்கொருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார்க்கப் பழக்குங்கள், ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதியுங்கள்.

ஏற்ற காலத்தில் கிடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு பிள்ளையின் படிப்பைக் காக்கிறது.